நூற்றெண்பது அடி

ஜன்னல் ஓரம் எனக்கு. கொஞ்சம் தள்ளுங்கள். வாந்தி எடுக்கிற ஆள் இல்லை நான். இந்த டப்பாவுக்குக் காற்று வேண்டும், வெயில் கூடாது. அதற்காகத்தான்.

டப்பாவில் என்ன என்று கேட்கிறீர்கள். உட்கார்ந்து அரை நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் கேள்வி. உங்களுக்கு என்ன தொழில்? காய்கறி மண்டியா? வத்தலக்குண்டா? சரி. கேரட் விலை பேச மேலே வந்திருப்பீர்கள். இறங்க இரண்டு மணி நேரம் ஆகும். சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேட்டால் சொல்கிறேன்.

நான் ஜப்பானுக்குப் போகிறேன்.

என்ன பார்வை அது? வேட்டி கட்டியவன் போகக்கூடாதா? மதுரையில் விமானம், கொழும்பில் மாற வேண்டும். ஜப்பானில் உலகத் தோட்டக்கலைக் கண்காட்சி. எத்தனையோ தேசத்துக்காரர்கள் செடியும் பூவும் கொண்டுவந்து வைத்து மாதக்கணக்கில் நடத்துவது. அதில் கிழங்குப் பூக்களுக்கென்று ஒரு பெரிய பாத்தி. வளர்க்கிறவர்களைத் தேசத்துக்கு இரண்டு பேர் மூன்று பேர் என்று கூப்பிட்டு, அவரவர் கிழங்கை அவரவர் கையாலேயே நடச் சொல்கிறார்கள். பக்கத்தில் பெயர்ப் பலகை வைப்பார்கள். வெயில் காலத்தில் அது பூக்கும்போது உலகமே வந்து பார்க்கும். இந்த டப்பாவில் இருப்பது பிகோனியாக் கிழங்கு. கொடைக்கானல் கிழங்கு. அதை நடப்போகிறவன் நான்.

பெயர் சூசைமாணிக்கம். சர்வேயர். முப்பத்தாறு வருஷம் இந்த மலையைச் சங்கிலி போட்டு அளந்தவன். ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம்.

கிழங்கு யாருடையது? கேட்பீர்கள் என்று தெரியும். ஊரே அதைத்தான் கேட்கிறது. அக்காவுடையது. பிரகாசி. என்னைவிட ஐந்து வயது பெரியவள், எழுபத்து நாலு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மிஷன் பள்ளிக்கூட ஹாஸ்டலில் முப்பது வருஷம் துணி வெளுத்தாள். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி மூன்று கிழங்கை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அன்று பிடித்த பைத்தியம். காது குடைகிற பஞ்சால் ஒரு பூவின் பொடியை எடுத்து இன்னொரு பூவில் தடவுவாள். விதை வரும், தூசி மாதிரி. தும்மினால் போயிற்று. அதைத் தட்டில் தூவி, முளைக்க வைத்து, நூறில் தொண்ணூற்றெட்டைப் பிடுங்கி எறிவாள். இருபத்திரண்டு வருஷம் இதே வேலை. கடைசியில் ஒன்று வந்தது. மஞ்சள் பூ. உள்ளங்கை அகலம். ஒவ்வொரு இதழுக்கும் ஓரத்தில் சிவப்பு, பேனாவால் கோடு போட்ட மாதிரி. பதினேழாம் தட்டில் வந்ததால் அதற்குப் பெயர் 'பதினேழு'. பூவுக்கு வைக்கிற பெயரா அது?

என் மனைவி போன பிறகு நான் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். வீடு அவள் பெயரில்தான். ஆனால் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? காலை ஆறுக்கு டீ, எட்டுக்கு இட்லி, ஒன்றரைக்குச் சாப்பாடு. எல்லாம் நேரத்துக்கு நடக்கிறதென்றால் நான் இருப்பதால்தான். அவள் செய்வாள். நான் நேரம் பார்ப்பேன்.

போன மே மாதம் மலர்க் கண்காட்சியில் ஒரு ஜப்பான்காரர் அவள் தொட்டிக்கு முன்னால் குனிந்தார். நிமிரவே இல்லை. இருபது நிமிஷம், கடிகாரம் பார்த்தேன். அக்டோபரில் கடிதம் வந்தது. பிரகாசி என்ற பெயருக்கு. வளர்ப்பவரும் ஒரு துணையும் வரலாம், ஐந்து நாள் தங்க இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான்தான் படித்துச் சொன்னேன்.

"என் பேரா போட்டிருக்கு?" என்றாள்.

"ஆமா."

"எங்க, காட்டு."

காட்டினேன். கை முழுக்க மண். அந்தக் கையோடு எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். தன் பெயர் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்க்கிறாள். கடிதத்தில் கறை. அது இன்னும் இருக்கிறது. நல்ல தாளை நாசம் செய்தாள்.

வேளாங்கண்ணியைத் தாண்டிப் போகாதவள். அன்று முதல் ஒரே பேச்சு. "ஏண்டா சூசை, அந்த ஊர் மண்ணு எப்படி? கறுப்பா, செவப்பா? கையில பிடிச்சா பிடிக்குமா, உதிருமா?" சந்தையில் போய்க் கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தாள். வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்தாள். புடவைக்குக் கீழே வெள்ளை ஷூ. பார்க்கச் சகிக்காது.

மண்ணைக் கேட்டால் போதுமா? பயணம் என்றால் திட்டம் வேண்டும். திட்டம் போட ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

கண்காட்சி வரைபடத்தை பிரவுசிங் சென்டரில் பெரிதாக எடுத்தேன். நூலால் அளந்தேன். எங்கள் வேலை அது. பாதை வளைகிற இடத்தில் எல்லாம் நூலை வளைத்து வைத்து, பிறகு நீட்டி, அளவுகோலில் பிடித்தால் தூரம் வந்துவிடும். ஒரு நாளைக்குப் பதினோரு கிலோமீட்டர். ஐந்து நாளைக்கு ஐம்பத்தைந்து. கூட்டமாகத்தான் அழைத்துப் போவார்கள், மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகத்தில். நேரத்தை மதிக்கிற ஜனங்கள். நோட்டுப் போட்டு எழுதினேன். எழுந்திருக்க, குளிக்க, பஸ் ஏற, நடக்க, நிற்க. 'மூச்சு வாங்க' என்று ஒரு கட்டம் போட்டு அதில் பூஜ்யம் எழுதினேன். ஏனென்றால் அதற்கு இடமில்லை. எல்லாம் கூட்டிப் பார்த்தேன், நேரம் மிச்சமில்லை.

அக்காவுக்கு முழங்கால் வலி. முப்பது வருஷம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துணி துவைத்த கால். அவள் பின்தங்கினால் யாருக்கு அவமானம்? எனக்கு. அதனால் ஒரு தேர்வு வைத்தேன்.

ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர். எழுபத்தைந்து நிமிஷம். முடித்தால் ஜப்பான், முடிக்காவிட்டால் வீடு. வெள்ளிக்கிழமைதோறும் காலை ஆறரை. டிசம்பரில் தொடக்கம், பிப்ரவரி கடைசி வெள்ளி முடிவு. அன்று எடுக்கிற நேரம்தான் செல்லும்.

"ஜப்பான்காரன் பூ நடக் கூப்பிட்டானா, ரேசுக்குக் கூப்பிட்டானா?" என்றாள்.

"சிரிக்காதே. நடப்பியா, மாட்டியா?"

"உனக்கும் பரீட்சை உண்டா?"

நான் பரீட்சை வைக்கிறவன். வைக்கிறவனுக்கு யார் பரீட்சை வைப்பார்கள்? எதிலும் முறை இருக்கிறது.

முதல் வெள்ளி புல்லெல்லாம் உறைபனி. நான் முன்னால் நடப்பேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் நின்றுவிடுவாள். நூற்றுப் பதினைந்து நிமிஷம் எடுத்தாள். மூன்றாம் வெள்ளி, பின்னால் ஏதோ விழுந்த சத்தம். அவள்தான். சைக்கிள் வாடகைக்கு விடுகிறவன் கத்தினான், "சார், அம்மா விழுந்துட்டாங்க சார்!" நடையை விடவில்லை நான். எழுந்துதான் வந்தாள். முட்டியில் ரத்தம் புடவையைத் தாண்டித் தெரிந்தது. நேரத்தை மட்டும் சொன்னேன். நூற்றெட்டு. அப்போதும் ஏழு நிமிஷம் குறைத்திருக்கிறாள் பாருங்கள். கண்டிப்பாக இருந்தால் பலன் இருக்கிறது.

இது என்ன, வெள்ளி அருவியா? சரி, குரங்கு வரும், டப்பாவை இந்தப் பக்கம் வைக்கிறேன். நீங்கள் உங்கள் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் வாரத்தில் ஒரு கூத்து. நான் முடிவிடத்தில் போய் நிற்கிறேன். அறுபத்திரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டேன், அது என் வேகம். பார்த்தால் எனக்கு முன்னால் அவள் இருக்கிறாள். குதிரை மேல். பழுப்புக் குதிரை, கழுத்தில் மணி, மேலே கம்பளித் தொப்பியும் வெள்ளை ஷூவுமாக பிரகாசி. குதிரைக்காரன் சிங்கராஜ் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறான். மறுபக்கமாகச் சுற்றிக் கூட்டி வந்திருக்கிறான். டீக்கடையில் நின்றவன் எல்லாம் கை தட்டுகிறான்.

"எத்தனை நிமிஷம்டா சூசை?" என்கிறாள் மேலிருந்து.

"இறங்கு."

"குதிரைக்கு முழங்கால் நல்லா இருக்குடா. அங்கயும் குதிரை கிடைக்குமான்னு ஒரு லெட்டர் போட்டுக் கேளு."

சிங்கராஜ், "சார், அம்மாவுக்கு நான் காசு வாங்கல. ஃபோட்டோ வேணும்னா சொல்லுங்க, நீங்களும் பக்கத்துல நில்லுங்க" என்றான். திரும்பவும் கை தட்டல்.

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தனை பேர் முன்னால். முப்பத்தாறு வருஷம் அரசாங்க வேலை பார்த்தவனைப் பார்த்துச் சிரிப்பு.

நான் கோபப்படவில்லை. முறைப்படி செய்தேன். மோசடிக்கு இரண்டு வெள்ளிக்கிழமை நீக்கம். இன்னொரு தடவை நடந்தால் பாஸ்போர்ட்டைக் கிழித்து அடுப்பில் போடுவேன் என்றேன். பாஸ்போர்ட், கடிதம், எல்லாத் தாளும் என் பையில்தான் இருந்தது. அவள் சிரிப்பு நின்றது. "கிழிச்சிருவியா?" என்றாள். "கிழிச்சிருவேன்." பிறகு ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போனாள். ஏன் கழற்றினாள் என்று தெரியவில்லை. கடித்திருக்கும்.

அதற்குப் பிறகு பகடி இல்லை. பேச்சே குறைந்துபோயிற்று. வீடு அமைதியாக இருந்தது. மத்தியானம் மட்டும் என் தூக்கம் கெடும். செடிக் கொட்டகையில் தொட்டிகளுக்கு நடுவே நடப்பாள். போய், திரும்பி, போய், திரும்பி. கண்ணாடிக் கூரைக்குக் கீழே அந்த ஷூச் சத்தம். சாயங்காலம் உப்பை வறுத்துத் துணியில் கட்டி முட்டியில் ஒத்தடம் போடுவாள். வீடெல்லாம் சூடான உப்பு வாசம்.

தொண்ணூற்றாறு. எண்பத்தெட்டு. எண்பத்தொன்று.

எனக்குச் சந்தேகம் வந்தது. ஏரிக்குப் போய் சிங்கராஜை விசாரித்தேன். "அம்மா நடந்துதான் சார் போறாங்க. உதட்டைக் கடிச்சிக்கிட்டுப் போறாங்க. நாங்க பேச்சுக் கொடுத்தாக்கூடத் திரும்பறதில்ல" என்றான். "ஏன் சார், விட்டுடலாமே. பாவம்."

பாவமாம். அவன் யார்? குதிரைச் சாணி அள்ளுகிறவன்.

நீங்களும் அதே நினைக்கிறீர்கள், முகத்தில் தெரிகிறது. ஒன்று கேட்கிறேன். இந்த மலையில் எல்லைக் கல் என்று எதைப் பார்த்தாலும் நான் நட்டது. அட்டை கடித்து, காட்டு மாடு துரத்தி, குளிரில் கை விறைத்து நட்ட கல். எத்தனை ஆயிரம்! ஒருவர் குனிந்து பார்த்ததுண்டா? இருபது நிமிஷம் வேண்டாம், இரண்டு நிமிஷம்? எனக்கு யார் கடிதம் எழுதினார்கள்? துணி வெளுத்தவளுக்கு ஜப்பானிலிருந்து கடிதம். அதை நானே உட்கார்ந்து அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

சரி. அது கிடக்கட்டும்.

கடைசி வெள்ளி. மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அன்று நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன், கண்காணிக்க வேண்டும் என்று. ஒரு காலை இழுத்துத்தான் நடந்தாள், ஆனால் நிற்கவில்லை. மூச்சு விசில் மாதிரி வந்தது. ஜெபம் சொல்லிக்கொண்டு போகிறாள் என்று முதலில் நினைத்தேன். கிட்டப் போய்க் கேட்டால், செடிப் பெயர். ஒன்றாம் தட்டு, இரண்டாம் தட்டு என்று பிடுங்கி எறிந்ததை எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு நடக்கிறாள். பதினேழுக்கு வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து.

முடிவிடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எத்தனை?"

கடிகாரத்தைப் பார்த்தேன். "எழுபத்து நாலு நிமிஷம், இருபது விநாடி."

நம்பவில்லை. என் கையை இழுத்துத் தானே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு. டீக்கடைக்காரன் ஓடி வந்தான், சிங்கராஜ் குதிரையை விட்டுவிட்டு வந்தான், சைக்கிள்காரன் மணி அடித்தான். "அம்மா ஜெயிச்சுட்டாங்க!" என்று கத்துகிறார்கள். அவள் எல்லார் கையையும் பிடித்துக்கொள்கிறாள்.

"நில்லுங்கள்" என்றேன்.

நான் பார்த்ததை நான் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? போட் ஹவுஸ் வளைவில் அவள் பாதையின் நடுவில் வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள் ஓரமாகவே வந்தாள். ஐந்து கிலோமீட்டர் என்பது பாதையின் நடுக்கோட்டில் அளந்தது. நானே அளந்தது. உள் ஓரமாக வந்தால் எவ்வளவு குறையும்? கையோடு கொண்டுவந்திருந்த சங்கிலியை எடுத்துப் போய் அங்கேயே அளந்தேன். அரை மணி ஆயிற்று. எல்லாரும் நின்றார்கள். அவளும் நின்றாள்.

நூற்றெண்பது அடி குறைந்தது. அவள் நடந்த வேகத்துக்கு நூற்றெண்பது அடிக்கு ஐம்பது விநாடி. கூட்டுங்கள். எழுபத்தைந்து நிமிஷம், பத்து விநாடி.

"பத்து விநாடி அதிகம்" என்றேன்.

சிங்கராஜ் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். இங்கே சொல்ல முடியாது.

"பத்து விநாடியா, சூசை?" என்றாள்.

"பத்து விநாடி."

"நான் கொஞ்சம் உக்காரட்டுமா?"

"உட்கார். இனி நேரம் இல்லை."

உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. முட்டி பூசணிக்காய் அளவு வீங்கிவிட்டது. குதிரையில்தான் தூக்கி வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பார்த்தீர்களா, கடைசியில் குதிரை. டாக்டர், "இந்தக் காலோட யாருங்க இவங்களை நடக்கச் சொன்னது?" என்று என்னைக் கேட்டார். "யாரும் சொல்லவில்லை டாக்டர், அவளேதான் நடந்தாள்" என்றேன். பொய்யா? நான் தூக்கிக்கொண்டா போனேன்? ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்றார்.

என் திட்டம் சரியாகிவிட்டது, கவனித்தீர்களா? இவளை அங்கே கூட்டிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அன்றே ஜப்பானுக்குப் பதில் எழுதினேன். அக்காவுக்கு உடம்பு முடியவில்லை, கூட வளர்த்த தம்பி நான் வருகிறேன், நான் நடுகிறேன் என்று. பலகையில் ஒரு பெயர்தான் எழுத முடியுமாம். வராதவள் பெயரை எதற்கு எழுதுவது? என் பெயரைக் கொடுத்தேன். பூவுக்கும் நல்ல பெயராக ஒன்று வைத்தேன். சூசை கோல்ட். பதினேழுக்கு இது எவ்வளவோ மேல்.

லூர்து என்று பக்கத்து வீட்டுக்காரி. பள்ளிக்கூட ஆபீஸில் டைப்பிஸ்ட். ஐம்பது வயது, வாய் அதிகம். அக்காவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க வந்தவள் என் பையைக் குடைந்திருக்கிறாள். முதல் கடிதத்தையும், நான் எழுதிய பதிலின் நகலையும் எடுத்து அக்காவுக்கு வரிக்கு வரி தமிழில் சொல்லிவிட்டாள். அடுத்தவர் பையைத் தொடுவது என்ன பழக்கம்?

சாயங்காலம் நான் போனதும் அக்கா கூப்பிட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"சூசை, ரெண்டாம் பக்கத்துல ஏதோ எழுதியிருக்காமே."

"எழுதியிருக்கு."

"வயசானவங்களுக்கு அங்க சக்கர நாற்காலி தருவாங்களாம். தள்ளிக்கிட்டுப் போக ஆளும் தருவாங்களாம். நடக்கவே வேணாமாம்."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"நீ கேட்கலை."

நியாயம்தானே? அவள் கேட்டது மண் கறுப்பா சிவப்பா என்று. நாற்காலி உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டாளா? தவிர, அவளை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால் எல்லாரும் அவளைத்தானே பார்ப்பார்கள்? கூட வருகிறவனை யார் பார்ப்பது?

அவள் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். அப்புறம், "சரிடா. கேக்காதது என் தப்புதான்" என்றாள்.

ஒப்புக்கொண்டாள் பாருங்கள். அவளிடம் எனக்குப் பிடித்தது அது.

அதற்குப் பிறகு அவள் மாறிவிட்டாள். பதவிசாக இருந்தாள். போன வாரம் நான் பதினேழின் கிழங்கை எடுத்துக்கொண்டு போய்ச் செடிக்கு நோயில்லை என்கிற சான்றிதழ் வாங்கி வந்தேன். வெளிநாட்டுக்கு அது இல்லாமல் கொண்டுபோக முடியாது, மண்ணும் ஒட்டியிருக்கக் கூடாது. திரும்பி வந்ததும், "குடு, கட்டிலுக்கு அடியில இருக்கட்டும், குளிர்ல வச்சா அழுகிரும்" என்றாள். கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை லூர்துவைச் சந்தைக்கு அனுப்பி ஒரு பை நிறையக் காய்கறி வாங்கினாள். நானும் ஊருக்குப் போகிறவனுக்கு ஆக்கிப் போடப்போகிறாள் என்றிருந்தேன். வந்தது கஞ்சியும் துவையலும்தான். முடியாதவள், விட்டுவிட்டேன்.

நேற்று கொட்டகைப் பக்கம் போனேன். மற்ற கிழங்குகளை மணல் தட்டில் புதைத்து வைத்திருப்பாள், தூக்கத்தில் இருக்கும் அவை. பதினேழின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், நாற்பத்தொன்று. தட்டு காலி. கொல்லையில் லூர்து அண்டாவில் வெந்நீர் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறாள். மூக்கைச் சிந்திக்கொண்டே கிழங்கை ஒவ்வொன்றாக உள்ளே போடுகிறாள். "அக்கா போடச் சொன்னாங்க. ஒண்ணு விடாம போடச் சொன்னாங்க" என்றாள். புழு விழுந்திருக்கும். கிழங்குக்கு வெந்நீர் வைத்தியம் உண்டு, கேள்விப்பட்டிருக்கிறேன். கொதிக்கக் கொதிக்கப் போட வேண்டுமா என்று தெரியாது. அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் வளர்த்தவளுக்குத் தெரியாதா?

இன்று காலை டப்பாவை அவளே கையில் கொடுத்தாள். மரத்தூள் போட்டு, மூடியில் ஓட்டை போட்டு, நூல் கட்டி. "நல்லா நடு சூசை. எல்லாரும் பாக்க நடு. உன் பேர்லயே நடு" என்றாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "போய்ட்டு வரேன்" என்றேன். கையைப் பிடித்து, "உனக்கு எது தகுமோ அதைக் குடுத்துவிட்டிருக்கேன்" என்றாள். மூத்தவள் மூத்தவள்தான்.

காமக்காபட்டி வந்துவிட்டதா? மலை இறங்கியாயிற்று, இனிக் குலுங்காது, திறந்து காட்டுகிறேன், நீங்களும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பேப்பரில் வந்தால் நான் அந்தக் கிழங்கைப் பார்த்தேன் என்று மண்டியில் சொல்லலாம். மூச்சை மேலே விடாதீர்கள். இதோ.

என்ன?

என்ன சொன்னீர்கள்?

சேனையா? உங்களுக்கு மூளை இருக்கிறதா? உலகக் கண்காட்சிக்குப் போகிற பிகோனியா ஐயா இது! சேனைக்கிழங்காம். விதைச் சேனையாம். உங்கள் மண்டியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதாம். எல்லாம் கிழங்குதான், எல்லாம் பழுப்பாகத்தான் இருக்கும். நடுவில் குழி இருந்தால் சேனையா? பிகோனியாவுக்கும் குழி உண்டு, முளை அதிலிருந்துதான் வரும். போன வாரம் சான்றிதழ் வாங்கியபோது கொஞ்சம் சின்னதாக இருந்தது, உண்மை. வளர்ந்திருக்கும். கிழங்கு வளராதா?

தொட்டுப் பார்க்க வேண்டாம். முகர வேண்டாம். நீங்கள் கேரட்டைப் பாருங்கள்.

அவள் அப்படிச் செய்ய மாட்டாள். நான் அவளை எவ்வளவு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, ஒன்று சொல்கிறேன். சேனை எனக்கு ஆகாது. ஆறு வயதில் அடுக்களையில் திருட்டுத்தனமாக ஒரு துண்டைப் பச்சையாகக் கடித்துவிட்டு, நாக்கு தடித்து, தொண்டை அரித்து, உருண்டு புரண்டேன். அக்காதான் ஓடி வந்து புளியை உருட்டி நாக்கில் வைத்துத் தேய்த்தாள். அந்த அரிப்பு செத்தாலும் மறக்காது. சேனையா இல்லையா என்று என் நாக்குக்குத் தெரியாதா? ஓரத்தில் ஒரு நகக்கண் அளவு கடித்துக் காட்டுகிறேன், உங்கள் வாயை அடைக்க. ஓரம் போனால் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது.

பாருங்கள்.

மென்றாயிற்று. ஒன்றுமில்லை. சேனையாம், சேனை. தெரியாததைப் பேசக்கூடாது என்பது இதற்குத்தான். பஸ் வத்தலக்குண்டு போனதும் நீங்கள் உங்கள் வழியைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். எனக்கு மதுரையில் மூன்றரைக்கு உள்ளே போக வேண்டும். நோட்டில் எழுதியிருக்கிறேன். கொழும்பில் நாலு மணி நேரம். ஜப்பானில் இறங்கியதும் பெயர் எழுதிய அட்டையோடு ஆள் நிற்பார். என் பெயர். புதன்கிழமை காலை பத்துக்கு நடவு. குழிக்கு முன்னால் எல்லாரும் வட்டமாக நிற்பார்கள். குனிந்து பார்ப்பார்கள்.

ஏன் என் வாயையே பார்க்கிறீர்கள்? அரிக்கவில்லை. சொன்னேனே, அரிக்கவில்லை. வெயில், அவ்வளவுதான். தண்ணீர் இருக்கிறதா? கொடுங்கள்.

இந்தத் தண்ணீர் சரியில்லை.

ஏன் ஐயா, காய்கறிக்காரர்தானே நீங்கள். அந்தப் பையில்... கொஞ்சம் புளி இருக்குமா?